பிரஷருக்கு ஒரு பேச்சுத்துணை

பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்குக் குமரி மாவட்டத்தில் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. மண்டையிடி இல்லை, கிறக்கம் இல்லை, பிறகு எதற்கு மாத்திரை என்பார் ஒருவர். போன மாதம் பார்த்தபோது 130 தான் இருந்தது, சரியாகிவிட்டது என்பார் இன்னொருவர். மகள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் போனவர் மாத்திரை அட்டையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது பழக்கம் விட்டுப்போயிருக்கும். அம்லோடிபின் போடத் தொடங்கியதிலிருந்து சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பக்கத்து வீட்டு மாமி, 'தொடங்கினா சாவுற வரைக்கும் நிறுத்த முடியாது, கிட்னிய அடிச்சிரும்' என்று சொல்லிவைத்திருப்பாள். தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கையில் இருந்த மாத்திரை நடுக்கடலில் தீர்ந்துவிடும்.

இவற்றில் ஒன்றுகூட மருத்துவ உலகைத் திணறடிக்கும் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் பதில் உண்டு. 130 வந்ததே மாத்திரை வேலை செய்ததால்தான். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். சிறுநீரகத்தைப் பாழாக்குவது பெரும்பாலும் அடங்காத அழுத்தம்தான், அதை அடக்கும் மாத்திரை இல்லை. பதில்கள் இவ்வளவு எளிமையாக இருந்தும், கேள்வி எழும் நேரத்தில் அவற்றைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும் நாளுக்கும் அடுத்த மாதம் அதே வரிசையில் நிற்கும் நாளுக்கும் நடுவே, நோயாளி தன் கேள்விகளோடு தனியாக இருக்கிறார். மாத்திரை நிற்பது அந்த இடைவெளியில்தான். செல்பேசியில் உரையாடும் 'சாட்பாட்' நிரல்கள் குறிவைப்பதும் அதைத்தான்.

குமரி மாவட்டத்தில் இதை அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் நெய்யூருக்கு வந்ததிலிருந்து மேல்நாட்டு மருத்துவம் இங்கே பழகிய சரக்கு. இன்று ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் எழுத்தறிவோ மருத்துவமனையின் அருகாமையோ ஒரு மனிதரைத் தினமும் ஒரு மாத்திரையை விழுங்க வைத்துவிடாது. வலிக்காத நோய்க்கு ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடுவது மனித இயல்புக்கே முரணானது.

தமிழ்நாடு முழுமைக்குமான எண்கள் இதைத்தான் காட்டுகின்றன. 2020-ல் நடந்த 'ஸ்டெப்ஸ்' என்ற சுகாதாரக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டாவது ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்போர் சுமார் 17 சதவீதமாக ஏறியிருந்தார்கள். திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இரு மடங்குக்கு மேல் முன்னேற்றம் என்பது உண்மை. நூற்றில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்பதும் உண்மை. தன்னார்வலர் மாதத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வருவார், நல்லது. மீதி நாட்களுக்கு?

சாட்பாட் என்று சொல்லும்போது இரண்டு வேறுவகைப் பொருட்களைக் குழப்பிக்கொள்கிறோம். முதல் வகை விதிப்படி நடப்பது. '1 அழுத்தவும், 2 அழுத்தவும்' ரகம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மத்திய அரசு வாட்ஸ்அப்பில் திறந்த உதவி எண் இதற்குப் பழகிய உதாரணம். அது சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரோ முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். புதிதாக எதையும் சொல்லாது, அதனால் புதிதாகப் பொய்யும் சொல்லாது. இரண்டாவது வகை, சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துப் பேசுபவை. ஊர்த் திண்ணையில் எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று மட்டும் சொல்ல மனம் வராத பெரியவரைப் போல, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே நிதானத்தில் சொல்லும். 2024-லிருந்து இந்த ரகம் வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஒரு வண்ண வட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டது. அரசு திட்டம் போட்டு அறிமுகப்படுத்தும்வரை மக்கள் காத்திருக்கப்போவதில்லை. கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் வகையால் என்ன பயன்? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 'டென்சியோபாட்' என்று டெலிகிராமில் இயங்கும் ஒரு பாட் செய்தார்கள். வீட்டில் அழுத்தம் அளக்க நினைவூட்டும், எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுக்கும், எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளும். 2021-ல் வெளியான முடிவின்படி, 112 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் பார்த்ததில், சொன்னபடி தவறாமல் அளப்பதில் பாட் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எப்படி அளப்பது என்ற அறிவு, பாட் இருந்தவர்களுக்குக் கூடியிருந்தது. இதைத் தோல்வி என்று நான் படிக்கவில்லை. சரியாக அளப்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம்.

டீக்கடையிலிருந்து நேரே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே கையை நீட்டுவதுதான் நம் வழக்கம். அப்படி வரும் எண் வேறு யாருடையதோ. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காப்பி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பட, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு அளக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பேசிக்கொண்டே அளந்தால் அழுத்தம் பத்துப் புள்ளி வரை கூடிக் காட்டலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்தால், அது 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் அளக்கும்போது எல்லை இது, மருத்துவமனையில் 140/90. இத்தனை விதிகளையும் கூட்டிப்பெருக்கும் வேலையையும் எழுபது வயதுக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. சலிக்காமல் ஏழு நாளும் ஒன்றையே சொல்லவும் சராசரி போடவும் இயந்திரத்தைப் போல் மனிதரால் ஆகாது.

இன்னொரு எளிய கேள்வி: மாத்திரையைக் காலையில் போடுவதா, ராத்திரியா? விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டப் போகும் குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தொழிலாளிக்கு இது உண்மையான சந்தேகம். பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று முடித்துவிட்டது. உங்களுக்கு எது மறக்காதோ அந்த நேரம். இப்படி ஒரு பதிலை ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாட் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் உப்பு விஷயத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான நிகழ்வு இது. அறுபது வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டிலிருந்து சோடியம் குளோரைடை அறவே நீக்க விரும்பினார். சாட்ஜிபிடியிடம் கலந்துபேசிவிட்டு, இணையத்தில் சோடியம் புரோமைடு வாங்கி, மூன்று மாதம் உப்புக்குப் பதிலாக அதையே போட்டுச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். லிட்டருக்கு 7.3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய புரோமைடு அவர் ரத்தத்தில் 1700 இருந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டார். நூறாண்டுக்கு முன் தூக்க மருந்தாகப் புரோமைடைத் தின்ற காலத்தில் சாதாரணமாக இருந்து, பிறகு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்ட நச்சுநோய் அது. குளோரைடுக்கு மாற்று எது என்ற கேள்விக்கு வேதியியலில் புரோமைடு சரியான பதில்தான். கேட்பவர் சமையலறையிலிருந்து கேட்கிறார் என்பது மட்டும் இயந்திரத்துக்கு உறைக்கவில்லை.

நம் ஊரில் புரோமைடை யாரும் தேடிப்போக மாட்டார்கள். இங்குள்ள ஆபத்து இன்னும் சாதுவான முகத்தோடு வரும். உலக சுகாதார அமைப்பு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது. இந்தியர்கள் சராசரியாக அதைப்போல் இரண்டு மடங்கு உண்கிறார்கள். 'சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சியைத் தவிருங்கள்' என்ற மேல்நாட்டு அறிவுரை இங்கே எடுபடாது. புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஊரில் உப்பு நேரே சட்டியில் விழுகிறது. மிச்சம், கருவாட்டிலும் ஊறுகாயிலும் பப்படத்திலும் மறைந்து வருகிறது. மரச்சீனிக் கிழங்கை அவிக்கும்போது போட்டது போதாதென்று கூடவே வைக்கும் மீன்கறியிலும் உப்பு. 'கஞ்சிக்குக் கருவாடு இல்லாமல் என்ன செய்ய?' என்று கேட்பவரிடம் பேசத் தெரியாத பாட் குமரிக்கு வேண்டாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்களிடம் உப்பையே விடச் சொன்னால், கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

அங்கேதான் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வருகிறது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், உப்பில் கால்பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியான அருமையான செய்தி. எந்த மொழி மாதிரியும் இதை உற்சாகமாகப் பரிந்துரைக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு, அதுவும் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனோ எனலாப்ரிலோ எடுத்துக்கொள்பவருக்கு, இதே உப்பு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். அந்த இரண்டு மருந்துகளையும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் இதே வகை விஷயம். கேட்பவர் யார், வயிற்றில் பிள்ளை உண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் சொல்லும் நல்ல பதில், நல்ல பதிலே இல்லை.

இந்தக் கண்டத்தைத் தாண்டும் ஒரு வழியை நம் நாட்டிலேயே முயன்றிருக்கிறார்கள். பெங்களூரு சங்கரா கண் மருத்துவமனையில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினர் 'கேட்டராக்ட்பாட்' என்ற ஒன்றைச் சோதித்தார்கள். புரை அறுவைக்கு வருபவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதியோ பேசியோ கேட்கலாம். மொழி மாதிரி, மருத்துவமனை தயாரித்துக் கொடுத்த தகவல்களிலிருந்து மட்டும் பதிலை உடனே எடுத்துத் தரும். அதே பதில் மருத்துவரின் செல்பேசிக்கும் போகும். அவர் பார்த்துச் சரி என்றால் பச்சைக் குறி விழும். தவறென்றால் திருத்துவார், திருத்திய பதில் நோயாளிக்கு வரும். தகவல் கிடங்கில் இல்லாத கேள்விக்கு, 'மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன்'. ராஜஸ்தானின் உதய்ப்பூர்ப் பக்கம் 'குஷி பேபி' என்ற அமைப்போடு சேர்ந்து 'ஆஷா' எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்காகச் செய்த பாட்டும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கே இயந்திரத்துக்குத் தெரியாததைக் கிராம செவிலியர்களிடம் அனுப்பி, அவர்கள் பதிலைச் சேர்த்துத் தரும். தெரியாது என்று சொல்ல அந்தத் திண்ணைப் பெரியவருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

தமிழ் பேசினால் மட்டும் இங்கே போதாது. எழுபது வயதில் தட்டச்சு செய்ய யாரும் உட்காரப்போவதில்லை, குரலில்தான் கேட்பார்கள். 'கிறக்கமா இருக்கு' என்பதும், விளவங்கோட்டுக்காரர் 'சீணமா இருக்கு' என்பதும், மனசு நிலைகொள்ளாத பெண் 'வெப்ராளமா வருது' என்பதும் மருத்துவத் தகவல்கள். சென்னைச் செய்தி வாசிப்பைக் கேட்டுப் பழகிய பேச்சுணரி இவற்றை எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு 22 மொழிகளில் பல மாவட்டங்களின் சாதாரணப் பேச்சைப் பதிவுசெய்து 2024-ல் பொதுவில் வைத்தது. கல்குளத்து மீன் சந்தைப் பேச்சு அளவுக்கு அந்த வேலை இறங்கி வர வேண்டும். கூடவே ஒரு கண்டிப்பான விதி: வாய் கோணுகிறது, ஒரு பக்கம் கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று எந்த வட்டாரத் தமிழில் சொன்னாலும் பாட் உரையாடலை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். அங்கே ஆறுதலாகப் பேசிக்கொண்டிருப்பது கொலை.

பாட் யாருடைய செல்பேசியில் இருக்கும் என்பதும் சின்னக் கேள்வி இல்லை. பல வீடுகளில் அம்மாவின் வாட்ஸ்அப்பைத் திறந்து கொடுப்பது பேரன். மகனோ வளைகுடாவில். 'இன்று மாத்திரை போட்டீர்களா' என்ற செய்தி குவைத்துக்குப் போனால் அவன் அம்மாவை அழைத்து அதட்டுவான். பாட்டைவிட அது நன்றாக வேலை செய்யக்கூடும். ஆனால் குடியைப் பற்றியோ, மாத்திரை போட்ட பிறகு தாம்பத்தியத்தில் வந்த தளர்ச்சியைப் பற்றியோ அப்பா பாட்டிடம் கேட்டது பேரன் கண்ணில் படுவதை எந்தச் சட்டமும் தடுத்துவிடாது. மனிதர்களைவிட இயந்திரத்திடம் கூச்சமில்லாமல் உண்மை சொல்கிறார்கள் என்று 2014-ல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. செல்பேசி அவருடையதாக மட்டும் இருந்தால்தான் அந்த வசதி.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் அழுத்தம் எத்தனை புள்ளி இறங்கும்? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கேப் டவுனில் 1372 பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். வெறும் தகவல் அனுப்பியதில் மேல் அளவு சுமார் 2 புள்ளி குறைந்தது. நோயாளி பதில் அனுப்பி உரையாடக்கூடிய வகையில் அமைத்ததில் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை. வீட்டில் அளந்துகொள்வதைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பார்த்தபோது, தானாக அளந்துகொள்வது மட்டும் பெரிதாக எதையும் செய்யவில்லை. அதோடு தொடர்ந்த ஆலோசனையும் மருந்து மாற்றமும் சேர்ந்தபோது 6 புள்ளி இறங்கியது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அளந்து, பேசி, அழுத்தம் அடங்காதவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பிய ஆய்வில் 5 புள்ளிக்குமேல். ஆய்வுக்கு ஆய்வு ஆட்களும் நிலைமையும் வேறு, எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 5 புள்ளி என்றால் சில்லறை இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்து சதவீதம் குறையும் என்று மூன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவிலிருந்து 2021-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அழுத்தத்தை இறக்குவது பேச்சு இல்லை, மருந்து. அதிலும் தேவையான நேரத்தில் கூட்டப்படும் மருந்து. அம்லோடிபின் 5 மில்லிகிராமில் அடங்காதவருக்கு அடுத்த மருந்து சேர வேண்டும். நம் வெளிநோயாளிப் பிரிவில் சராசரியாக ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 2 நிமிடம். 150 என்று எண் வந்தால், 'நடந்து வந்திருப்பீங்க, அதையே தொடருங்க' என்று சொல்வதுதான் அந்த இரண்டு நிமிடத்தில் முடியும். பிரிட்டனில் 622 பேரிடம் நடந்த 'ஹோம் பிபி' ஆய்வு இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. நோயாளி வீட்டில் அளந்த எண்ணை நிரலில் இடுவார். எல்லையைத் தாண்டினால் நிரல் மருத்துவருக்குத் தகவல் அனுப்பும். முன்கூட்டியே ஒத்துக்கொண்ட திட்டப்படி அவர் மருந்தைக் கூட்டுவார். அது வழக்கமான சிகிச்சையைவிட 3.4 புள்ளி அதிகம் இறக்கியது. நிரல் அங்கே பேசியது மிகக் குறைவு.

ஆகவே குமரியில் இப்படி ஒன்றைத் தொடங்குவதென்றால், நோயாளியின் கைக்கு முன்னால் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் கைக்கு அது வர வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போகும் முன், 'இந்தத் தெருவில் மூன்று பேருக்குப் போன வாரச் சராசரி 150-க்கு மேல், ஒருவர் கணுக்கால் வீக்கம் என்று சொல்லி மாத்திரையை விட்டிருக்கிறார், இன்னொருவர் வியாழக்கிழமை கடலுக்குப் போகிறார், அவருக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுங்கள்' என்று அது சொல்ல வேண்டும். அதே பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசைக்குத் திங்கட்கிழமை காலையில் போக வேண்டும். அவர் மாற்றி எழுதிய மருந்தை அந்த வாரமே தன்னார்வலர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது நோயாளியின் செல்பேசியில் இருக்கும் பாட்டுக்கு மிஞ்சும் வேலை, ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்வதும், எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதும், 'வீக்கத்தைப் பற்றி அக்காகிட்ட சொல்லிருக்கேன், புதன்கிழமை வருவாங்க' என்பதும்தான். வாரத்துக்குப் பத்து நிமிடப் பேச்சு.